இரண்டாம் இடத்தில் ஒரு ரன்னிங் பேக்: சேக்வான் பார்க்லி விஷயத்தில் ஜயண்ட்ஸ் எங்கே தவறியது?

2018 ஏப்ரல் 26. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-இன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்தது, அதில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி தன் கையில் இருந்த இரண்டாம் இடத்தைச் சேக்வான் பார்க்லிக்குக் கொடுத்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ரன்னிங் பேக், வயது 21. இது தவறு என்று அன்றைக்கே நினைத்தவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் தவறு என்றுதான் சொல்வேன், ஆனால் அன்று என்னிடம் இருந்த காரணம் சரியான காரணம் இல்லை. ரன்னிங் பேக்குக்கே மதிப்பில்லை, யாரைப் போட்டாலும் ஓடுவான் என்று அப்போது நம்பினேன். பார்க்லியின் கதை முழுக்கப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆளுக்கு மதிப்பு இருக்கிறது. அதை எப்போது வாங்குகிறோம், எந்த அணிக்குள் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் கெடுகிறது.

இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரன்னிங் பேக் என்பவர், ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர். அவருக்கு முன்னால் தலா நூற்று நாற்பது, நூற்றைம்பது கிலோ எடையில் ஐந்து பேர் நிற்பார்கள். அவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன், முன்வரிசை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து பேர் எதிராளிகளை நகர்த்தினால் வழி திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. டிராஃப்ட் என்பது ஏலம் இல்லை, வரிசை. போன வருடம் கடைசியில் நின்ற அணி முதலில் எடுக்கும். எந்த இடத்தில் எடுக்கப்படுகிறாரோ அந்த இடத்துக்கு ஏற்ற சம்பளம் கிட்டத்தட்ட முன்பே முடிவானது, பேரத்துக்குப் பெரிதாக இடம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் முதல் இடமே ரன்னிங் பேக்குக்குப் போனது சாதாரண விஷயம். 1969-இல் ஓ. ஜே. சிம்ப்சன், 1978-இல் ஏர்ல் கேம்பெல், 1986-இல் போ ஜாக்சன். கடைசியாக அப்படிப் போனவர் 1995-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்த கி-ஜானா கார்ட்டர். அவரும் பென் ஸ்டேட்காரர்தான். சீசன் தொடங்கும் முன்பே, முதல் பயிற்சி ஆட்டத்தில், மூன்றாவது முறை பந்தை வாங்கி ஓடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. பிறகு பழைய ஆளாக அவர் வரவே இல்லை. அதே 1995 டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 196-ஆவது இடத்தில், டென்வர் பிராங்கோஸ் ஒருவரை எடுத்தது. பெயர் டெரல் டேவிஸ். 1998-இல் அவர் 2,008 யார்டு ஓடினார். ஒரே வருடத்து டிராஃப்டில் முதல் ஆளுக்கு அந்த நிலை, 196-ஆவது ஆளுக்கு இந்த உயரம். இதைப் பார்த்தும் அணிகள் உடனே திருந்திவிடவில்லை. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு ரன்னிங் பேக்குக்காக அந்த வருடத்தில் தன்னிடமிருந்த எல்லா இடங்களையும், அடுத்த வருடத்து முதல் சுற்று இடத்தையும் மூன்றாம் சுற்று இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார். 2005-இல்கூட முதல் ஐந்து பேரில் மூன்று பேர் ரன்னிங் பேக்.

அப்புறம்தான் சரிந்தது. 2004 முதல், பந்து பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாளர் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்ற விதியை நடுவர்கள் கறாராகப் பார்க்க ஆரம்பித்தார்கள், எறிந்து ஆடுவது சுலபமானது. ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக நான்கு யார்டும் கொஞ்சமும் கிடைக்கும், ஒரு எறிதலுக்கு ஏழு யார்டுக்குப் பக்கம் கிடைக்கும் என்றால் யாருக்குக் காசு போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் மூன்றாம் இடத்தில் எடுத்த டிரென்ட் ரிச்சர்ட்சனை, அடுத்த வருடம் செப்டம்பரிலேயே இன்னொரு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். 2013 டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் இல்லை. 1963-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 2014-இலும் இல்லை, அந்த வருடம் முதல் ரன்னிங் பேக் போனது 54-ஆவது இடத்தில்.

இந்தப் பின்னணியில்தான் ஜயண்ட்ஸின் பொது மேலாளர் டேவ் கெட்டில்மன் இரண்டாம் இடத்தில் பார்க்லியை எடுக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லும்போது கடவுளின் கை பட்டவர் என்கிற அளவுக்குப் போனார். புள்ளிவிவரக் கணக்குப் போடுபவர்கள் கேள்வி கேட்டபோது, விரல்களால் கணினியில் தட்டுவதுபோல் செய்து காட்டினார். அவர் கண்ணில் பிழை இல்லை. பார்க்லி அப்படிப்பட்ட ஆட்டக்காரர்தான். அணி இருந்த நிலைதான் பிரச்சினை. முந்தைய சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. முன்வரிசை ஓட்டை. வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன் தேக்குக் கதவு வாங்கி வைத்த மாதிரி.

கதவு நல்ல கதவுதான். முதல் வருடம் 1,307 யார்டு ஓடினார், 91 பந்துகள் பிடித்தார், புது ரன்னிங் பேக் ஒருவர் அதுவரை அத்தனை பிடித்ததில்லை. மொத்தம் 2,028 யார்டு, சிறந்த புது ஆட்டக்காரர் விருது. அணி? 5 வெற்றி, 11 தோல்வி.

சம்பளக் கணக்கு

இந்த இடத்தில் காசைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. இரண்டாம் இடம் என்பதால் பார்க்லிக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 3.12 கோடி டாலர், முழுக்க உத்தரவாதம். வருடத்துக்கு 78 லட்சம். அந்த நேரத்தில் ஓரிருவரைத் தவிர்த்துவிட்டால், லீகில் பேர் வாங்கிய ரன்னிங் பேக்குகள் நீண்ட ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டிருந்ததும் வருடத்துக்கு 80 லட்சத்தை ஒட்டித்தான். அதாவது கல்லூரியிலிருந்து நேரே வரும் பையனுக்குச் சந்தை விலையையே கொடுத்தாகிவிட்டது, மிச்சம் எதுவும் இல்லை. அதே இரண்டாம் இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தால்? அவருக்கும் கிட்டத்தட்ட அதே 78 லட்சம்தான். ஆனால் சந்தையில் தேர்ந்த குவார்ட்டர்பேக்கின் விலை அந்த வருடம் மே மாதம் மேட் ரயனோடு வருடத்துக்கு 3 கோடியைத் தொட்டது. அந்த இரண்டு கோடிக்கு மேற்பட்ட வித்தியாசத்தை வைத்து முன்வரிசையையே கட்டிவிடலாம். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு, ஒரு பக்கம் மிச்சம் பிடித்தால்தான் இன்னொரு பக்கம் செலவழிக்க முடியும். ஆறாம் இடத்தில் போன குவென்டன் நெல்சன் ஒரு முன்வரிசைக்காரர், முதல் மூன்று வருடமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம் பிடித்தார். ஏழாம் இடம் ஜோஷ் ஆலன். 32-ஆம் இடம் லமார் ஜாக்சன். ஜயண்ட்ஸ் அவர்களைத் தாண்டிப் போனது.

ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே கணக்கு இன்னும் கசக்கும், எனக்கு இதில்தான் மனசு கேட்கவில்லை. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் சுற்றில் போகிறவர் நான்கு வருடம் கட்டுண்டவர், ஐந்தாம் வருடம் வேண்டுமா என்று முடிவு செய்வது அணி. அது முடிந்ததும் ஃப்ரான்சைஸ் டேக் என்று ஒன்றைப் போட்டு, விதிப்படியான ஒரு வருடச் சம்பளத்துக்கு இன்னொரு வருடம் பிடித்து வைக்கலாம், அடுத்த வருடமும் போடலாம். 21 வயதில் நுழைந்தவன் தன் உழைப்பை வெளியே விலை பேச முதல் தடவையாக வெளியே வரும்போது 27 ஆகிவிடுகிறது. ரன்னிங் பேக்கின் உடம்புக்கு 21-லிருந்து 27 வரைதான் பொற்காலம். ஒவ்வொரு முறை பந்தை வாங்கும்போதும் மூன்று நான்கு பேர் மேலே விழுகிறார்கள். குவார்ட்டர்பேக் முப்பத்தைந்திலும் ஆடலாம், ரன்னிங் பேக்கின் தேய்மானமோ மூன்றாம் வருடத்திலேயே தெரியும். பிறகு அதே தேய்மானத்தைக் காட்டியே, 27 வயதாகிறது, இனி எத்தனை நாள் ஓடுவாய் என்று சம்பளத்தைக் குறைக்கிறார்கள். தேய வைத்தவர்களே தேய்மானத்துக்குக் கழித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு எண் போதும். 2017-இல் ரன்னிங் பேக்குக்கான ஃப்ரான்சைஸ் டேக் தொகை 1.21 கோடி டாலர். 2023-இல் 1.009 கோடி. இடைப்பட்ட காலத்தில் அணிகளின் சம்பள உச்சவரம்பு 16.7 கோடியிலிருந்து 22.48 கோடிக்கு ஏறியிருந்தது. எல்லோருடைய சம்பளமும் ஏறிய வருடங்களில் இவர்களுடையது இறங்கியது.

பார்க்லிக்கு நடந்ததும் இதுவேதான். 2019-இல் கணுக்கால். 2020 முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக 15 முறை ஓடி மொத்தம் 6 யார்டு. அந்த எண்ணைத் திரும்பப் படியுங்கள். 15 முறை, 6 யார்டு. பந்தை வாங்கித் திரும்புவதற்குள் எதிராளி முன்னால் நிற்கிறான், ஓடுவதற்கே இடமில்லை. அடுத்த வாரம் சிகாகோவில் வலது முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனே போயிற்று. 2021-இல் திரும்பி வந்து 593 யார்டு. 2018-லிருந்து 2021 வரை ஜயண்ட்ஸின் வெற்றிகள் 5, 4, 6, 4. கெட்டில்மன் போய், ஜோ ஷேன் மேலாளராக வந்தார். 2022-இல் பார்க்லி 1,312 யார்டு ஓடி, அணியை பிளேஆஃப் என்ற நாக்அவுட் கட்டம் வரை தூக்கிக்கொண்டு போனார், அங்கேயும் மின்னசோட்டா வைக்கிங்ஸை வென்றார்கள். பரிசு யாருக்குக் கிடைத்தது? 2023 மார்ச்சில் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 16 கோடி டாலர். பார்க்லிக்கு டேக்.

அந்த ஜூலையில் நீண்ட ஒப்பந்தத்துக்கான கெடு தாண்டியது. பார்க்லி, முந்தைய வருடம் லீகிலேயே அதிகமாக 1,653 யார்டு ஓடிய ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி பொல்லார்ட் என்று டேக் போடப்பட்ட மூன்று பேருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. சில நாளில் ஆஸ்டின் எக்கெலர் ஏற்பாட்டில் லீகின் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூம் அழைப்பில் கூடிப் பேசினார்கள். வழி எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் கையெழுத்திட்ட தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே வழி அடைபட்டிருந்தது. பார்க்லி அந்த வருடம் 962 யார்டு ஓடினார். 2024 மார்ச்சில் ஜயண்ட்ஸ் அவரை விட்டது, பிலடெல்பியா ஈகிள்ஸ் மூன்று வருடத்துக்கு 3.775 கோடி டாலருக்கு எடுத்தது. ஜயண்ட்ஸின் உரிமையாளர் ஜான் மேரா, இவர் பிலடெல்பியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று ஷேனிடம் சொன்னது தொலைக்காட்சித் தொடருக்காகப் படம்பிடித்த காட்சியில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

நான்கு எண்கள்

இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒரு ஆட்டக்காரரின் திறமை எவ்வளவு, அவருக்கு வழி திறந்துவிடும் ஐந்து பேரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது பொதுவாக முடியாத காரியம். ஆனால் 2023-க்கும் 2024-க்கும் நடுவில் இரண்டு ரன்னிங் பேக்குகள் இடம் மாறினார்கள். பார்க்லி நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு, அங்கே அதுவரை ஓடிக்கொண்டிருந்த டி'ஆன்ட்ரே ஸ்விஃப்ட் பிலடெல்பியாவிலிருந்து சிகாகோவுக்கு.

ஸ்விஃப்ட் பிலடெல்பியாவில் ஓடியது 229 தடவை, 1,049 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு 4.6. சிகாகோவில் 253 தடவை, 959 யார்டு, 3.8. பார்க்லி நியூயார்க்கில் 247 தடவை, 962 யார்டு, 3.9. பிலடெல்பியாவில் 345 தடவை, 2,005 யார்டு, 5.8.

முதல் பாடம் உடனே தெரிகிறது. மோசமான முன்வரிசைக்குப் பின்னால் பார்க்லியும் ஸ்விஃப்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 3.9-ம் 3.8-ம். அங்கே இரண்டாம் இடத்து ஆளை வைத்தாலும் சுமாரான ஆளை வைத்தாலும் கிடைப்பது அதே. 2018-இல் நான் சொல்லிக்கொண்டிருந்தது இந்தப் பாதி உண்மையைத்தான். மறுபாதியை நான் பார்க்கவே இல்லை. நல்ல வரிசைக்குப் பின்னால் ஸ்விஃப்ட் 4.6, பார்க்லி 5.8. வழி திறந்த பிறகுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிகிறது. சுமாரான ஆள் திறந்த வழியில் எட்டு யார்டு போய் விழுவார். பார்க்லி அதே வழியில் எழுபது யார்டு போய்விடுவார். 2024 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக 70 யார்டில் ஒன்று, 72 யார்டில் ஒன்று என்று ஒரே ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது), மொத்தம் 255 யார்டு.

ஈகிள்ஸின் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடது முனையில் நிற்கும் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர், ஆறடி எட்டு அங்குல உயரம். அவரையும் எடுத்தது அதே 2018 டிராஃப்டில்தான், ஏழாவது சுற்றில், 233-ஆவது இடத்தில். ஜயண்ட்ஸ் 2-ஆம் இடத்தில் ஓடுபவரை எடுத்தபோது ஈகிள்ஸ் 233-இல் வழி திறப்பவரை எடுத்து, வருடக்கணக்கில் பழக்கி, வலது முனையில் லேன் ஜான்சனை நிறுத்தி, எல்லாம் தயாரான பிறகு ஆறு வருடம் கழித்து ஓடுபவரை விலைக்கு வாங்கியது. இரண்டு அணிக்கும் ஒரே ஆள்தான், வாங்கிய வரிசைதான் வேறு.

காலமும் கைகொடுத்தது. எறிந்து ஆடுவதைத் தடுக்கவென்றே எதிரணிகள் இரண்டு பேரை ஆழத்தில் நிறுத்திவிட்டு முன்னால் ஆள் குறைத்து நிற்கப் பழகியிருந்தன, அதனால் ஓடுபவருக்கு இடம் கூடியது. அதே வருடம் பால்டிமோர் ரேவன்ஸில் டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 யார்டு ஓடினார்.

பார்க்லியை எண்களால் மட்டும் சொல்லி முடித்தால் எனக்கு நிறைவாக இருக்காது. 2024 நவம்பர் 3, ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு எதிரான ஆட்டம். சின்ன எறிதல் ஒன்றைப் பிடிக்கிறார். எதிரில் வந்த முதல் ஆளை இடுப்பை ஒடித்து ஏமாற்றுகிறார், இரண்டாவது ஆளிடமிருந்து நழுவ ஒரு சுற்றுச் சுற்றுகிறார். சுற்றி முடிக்கும்போது அவர் முதுகு எல்லைக்கோட்டுப் பக்கம் இருக்கிறது, பின்னால் இன்னொருவன் கால்களைக் குறிவைத்துக் குனிந்து பாய்கிறான். பார்க்லி திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற வாக்கில் பின்பக்கமாகவே எம்பி, குனிந்தவன் தலைக்கு மேலே கால்களை விரித்துத் தாண்டி, மறுபக்கம் இறங்கி மேலே ஓடுகிறார். கண்ணால் பார்க்காத ஒருவனை முதுகால் உணர்ந்து தாண்டுவதை அதற்கு முன் நான் எங்கும் பார்த்ததில்லை. இதைச் செய்கிறவரை யாரைப் போட்டாலும் ஓடுவான் என்ற கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

அந்த வருடத்து எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இடம் ஜோஷ் ஆலன், இரண்டாம் இடம் லமார் ஜாக்சன், மூன்றாம் இடம் பார்க்லி. மூன்று பேருமே 2018 டிராஃப்டின் முதல் சுற்று. ஜயண்ட்ஸ் அன்று மூன்று பேரில் யாரையும் எடுத்திருக்கலாம், 2024 டிசம்பரில் மூன்று பேரில் ஒருவரும் அவர்களிடம் இல்லை. 16 கோடி ஒப்பந்தம் போட்ட ஜோன்ஸையும் நவம்பரிலேயே விடுவித்திருந்தார்கள். அந்த சீசன் 3 வெற்றி, 14 தோல்வி. 2017-இல் எங்கே நின்றார்களோ கிட்டத்தட்ட அங்கேயே.

டிராஃப்டுக்கு இதிலிருந்து என்ன வருகிறது?

2022-இலும் 2024-இலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் போகவில்லை. நடுவில் 2023-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 8-ஆம் இடத்தில் பிஜான் ராபின்சனையும், டெட்ராய்ட் லயன்ஸ் 12-ஆம் இடத்தில் ஜமீர் கிப்ஸையும் எடுத்தன. லயன்ஸை அன்று எல்லோரும் கண்டித்தார்கள். ஆனால் அவர்களிடம் பெனய் சூவல், ஃபிராங்க் ராக்னோ, டெய்லர் டெக்கர் என்று வரிசை தயாராக இருந்தது. 2024-இல் கிப்ஸ் 20 டச்டவுன், அணி 15 வெற்றி 2 தோல்வி. ராபின்சனும் அதே வருடம் 1,456 யார்டு ஓடினார், ஃபால்கன்ஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை. பார்க்லியின் 2,005-க்குப் பிறகு வந்த 2025 டிராஃப்டில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் 6-ஆம் இடத்தில் ஆஷ்டன் ஜென்டியை எடுத்தது. முந்தைய வருடம் நான்கே வெற்றி பெற்ற அணி. மதிப்பு திரும்பிவிட்டது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை, 2018 ஜயண்ட்ஸின் முகம்தான் தெரிந்தது. பார்க்லியைப் பார்த்து அணிகள் கற்க வேண்டியது உயர்ந்த இடத்தில் எடுப்பதை அல்ல, எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டுக் கடைசியாக எடுப்பதை.

சம்பளப் பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 மார்ச்சில் ஈகிள்ஸ் பார்க்லிக்கு மேலும் இரண்டு வருடம், 4.12 கோடி டாலர் கொடுத்தது. ரன்னிங் பேக் ஒருவருக்கு வருடத்துக்கு 2 கோடிக்கு மேல் கிடைத்தது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 28. அந்தச் சம்பளம் 23 வயதில் வந்திருக்க வேண்டியது, விதி அனுமதிக்கவில்லை. 2011 ஒப்பந்தத்தின் அந்த நான்கு வருடக் கட்டு ரன்னிங் பேக்குகளுக்கு மட்டுமாவது மூன்றாகக் குறைய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மற்ற இடத்துக்காரர்களுக்கு இரண்டாவது ஒப்பந்தம் என்பது வாழ்க்கையின் நடுப்பகுதி, இவர்களுக்கு அது அந்திநேரம்.

2025 ஜனவரி 5, சீசனின் கடைசி ஆட்டம். எரிக் டிக்கர்சன் 1984-இல் ஓடிய 2,105 யார்டு சாதனையைத் தாண்ட பார்க்லிக்கு இன்னும் 101 யார்டு வேண்டும். சொந்த ஊர் மைதானம், எதிரணி ஜயண்ட்ஸ். அதே சீசனில், 2024 அக்டோபரில், அவர்கள் மைதானத்திலேயே அவர்களுக்கு எதிராக 176 யார்டு ஓடியவர். ஆனால் பிளேஆஃபில் ஈகிள்ஸின் இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, பயிற்சியாளர் நிக் சிரியானி அவரை உட்கார வைத்தார். நாற்பது வருடச் சாதனை அப்படியே நின்றது. அடுத்த நான்கு ஆட்டங்களில் பார்க்லி 91 முறை பந்தை வாங்கி 499 யார்டு ஓடினார், பனி கொட்டிய ராம்ஸ் ஆட்டத்தில் மட்டும் 205. நான்காவது ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல், லீகின் இறுதி ஆட்டம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை அடைத்துவிடுவது என்று முடிவு செய்து முன்னால் ஆளைக் குவித்தது, 25 ஓட்டத்தில் 57 யார்டுதான் கிடைத்தது, குவிந்தவர்களுக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் மற்றவர்கள் ஆடி 40-22 என்று ஜெயித்தார்கள். அன்று பிப்ரவரி 9, பார்க்லியின் 28-ஆவது பிறந்தநாள்.